காதில் ஓதாத உபதேசம்

உபதேசம் என்றால் காதில் ஓதுவதுதான் என்று நாற்பது வயது வரை உறுதியாக நம்பிக்கொண்டிருந்த மடையன் நான். குரு குனிந்து ரகசியமாக ஏதோ சொல்வார். அந்த நிமிடமே ஞானம் வந்துவிடும். மேற்கொண்டு உழைக்க வேண்டியதில்லை. என்னைப் போன்ற சோம்பேறிக்கு இதைவிட வசதியான மார்க்கம் ஏது?

அறுபதுகளின் நடுவில், பர்மாவிலிருந்து அகதியாக வந்த ஓர் இளைஞர் திண்டுக்கல்லில் பல குடித்தனங்கள் சேர்ந்திருந்த எங்கள் வளவில் குடியேறினார். என்னைவிட ரொம்பவே சின்னவர். பகலெல்லாம் பூட்டுப் பட்டறையில் அரத்தால் சாவி ராவுவார். விடியற்காலையில் கிணற்றடியில் உட்கார்ந்து பாலி மொழியில் ஒரு சூத்திரம் சொல்வார். சிறு வயதில் ரங்கூனில் ஒரு புத்த மடத்தில் காவி கட்டிப் படித்தவர் என்று தெரிந்ததும் எனக்குக் கை பரபரத்தது. குரு பக்கத்து வீட்டிலேயே இருக்கிறார். பஸ் செலவுகூட இல்லை.

தட்டில் வெற்றிலை பாக்கு, புது வேட்டி, ஒரு சீப்பு சிறுமலைப் பழம் வைத்துக்கொண்டு கிளம்பினேன்.

"அம்புட்டுப் பழத்தையும் தூக்கிக்கிட்டு எங்க போறீக?" என்றாள் மனைவி.

"சீடனாகப் போறேன்."

"ஆகிட்டு வெரசா வாங்க. ரேஷன் கடைக்குப் போகணும்."

கிணற்றடியில் தட்டை வைத்தேன். துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, அவர் வாய்க்கு நேராக வலது காதை நீட்டினேன்.

"காதுல என்னண்ணே, வலியா?" என்றார்.

விஷயத்தைச் சொன்னேன். சிரித்துவிட்டார்.

"எங்க மடத்துல ரகசியமே கிடையாதுண்ணே. பெரியவர் ஒரு வரி சத்தமாச் சொல்வாரு, நாங்க திருப்பிச் சொல்லணும். தப்புனா முதல்லருந்து. அவருக்கு அவரோட குரு அப்படித்தான் குடுத்தாரு. நான் காவியக் கழட்டுனவன், உங்களுக்குக் குருவாக முடியாது. ஆனா கூடச் சொல்ல ஒரு ஆள் வேணும். தனியாச் சொல்லிச் சொல்லி, நடுவுல ஒவ்வொரு வரியா நழுவுது."

பழத்தைப் பார்த்தபடியே மெதுவாகச் சொன்னார்: "கப்பல் ஏறுறப்ப சோதனை போட்டு எல்லாத்தையும் பிடுங்கிக்கிட்டாங்க. பெரியவர் குடுத்ததுல மிச்சம் இந்தச் சூத்திரம் ஒண்ணுதான்."

அதன்பிறகு காதை நீட்ட எனக்கு மனம் வரவில்லை. வாயைத் திறந்தேன்.

ரெட்டியார்சத்திரம் போகிற பஸ் மாதிரி ஒவ்வொரு சொல்லிலும் நின்று நின்று போனேன். "முதல்லருந்து" என்பார். மறுபடி நிற்பேன். வளவில் குழந்தைகளுக்குக்கூட அது பாடமாகிவிட்டது, எனக்கு ஆகவில்லை. ஒருவழியாக மழைக்காலம் முடிவதற்குள் முழுதும் மனப்பாடம் ஆயிற்று. அர்த்தம் பாதிகூடத் தெரியாது.

ஒருநாள் விடியலில் அவர் பாதியில் நின்றார். உதடு அசைந்தது; வரி வரவில்லை. கண்முன்னே ரயிலைத் தவறவிட்டவர் போல முகம் வெளுத்துவிட்டது. நான் அந்த வரியை எடுத்துச் சொன்னேன். அவர் அதைப் பற்றிக்கொண்டு கடைசிவரை சொல்லி முடித்தார். கூப்பிய கையை வெகுநேரம் இறக்கவே இல்லை.

எனக்குத்தான் சும்மா இருக்க வராதே. "அப்ப இன்னைக்கு நான்தானே தம்பி குரு?" என்றேன்.

கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"முதல்லருந்து சொல்லுங்க."