அகிம்சைத் தூண்டில்

சின்னக்கண்ணு பரம சாது. மலைமேல் வளப்பூர் நாட்டில் மிளகும் மரவள்ளியும் போட்டுப் பிழைக்கிறவர். பாம்பைக் கண்டால் ஒதுங்கி நின்று வழிவிடுவார். அப்படிப்பட்டவரால் ஒரு சேவலின் கழுத்து மொட்டையாகி, இருவரின் பல் ஆடி, அவருடைய காதே கிழிந்தது என்றால், அதற்கு முழுக் காரணம் அவர் கைக்கொண்ட அகிம்சைதான்.

ஓடையில் வெடி போட்டு மீன் பிடிக்கிறவர்களைப் பார்த்து மனம் நொந்திருந்த வேளையில், செல்போனில் ஒரு வெள்ளைக்காரன் தென்பட்டான். இடுப்பளவு ஆற்றில் நின்றுகொண்டு, இறகில் கட்டிய பொய்ப் பூச்சியைத் தண்ணீர்மேல் மிதக்கவிட்டான். புள்ளி போட்ட டிரவுட் மீன் ஒன்றைப் பிடித்து, முத்தம் கொடுத்து, திரும்ப ஆற்றிலேயே விட்டான். சின்னக்கண்ணுவுக்குக் கண் கலங்கிவிட்டது. டிரவுட் இல்லாவிட்டால் போகிறது, நம் ஓடையில் கெண்டை இருக்கிறதே என்று அன்றே முடிவு செய்தார்.

பூச்சி கட்ட நல்ல சேவலின் கழுத்திறகு வேண்டும். அந்தத் தகுதியுள்ள சண்டைச் சேவல் பங்காளி வேல்முருகனிடம்தான் இருந்தது. கேட்டால் தரமாட்டான் என்பதால் சின்னக்கண்ணு கேட்கவில்லை. சேவல் அவருடைய கையை மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை கிழித்தது. சத்தம் கேட்டு ஓடிவந்த வேல்முருகன், சேவல் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தான்.

அடுத்தது வீச்சு. தூண்டில் கோலைப் பின்னால் கொண்டுபோய், நைலான் நரம்பு முழுதும் நீளும்வரை பொறுத்து, அப்புறம்தான் முன்னால் வீச வேண்டும். சின்னக்கண்ணு பொறுக்கவில்லை. கொக்கி காது மடலில் ஏறியது. மனைவி சுகுணா குறடு எடுத்துவந்தாள்.

"மீனுக்கு நோவக் கூடாதுன்னுதானுங்க இத்தனையும்?" என்று விசாரித்துக்கொண்டே இழுத்தாள். கொக்கி வந்தது, கொஞ்சம் காதும் வந்தது. மறுநாள் கொக்கி நுனியில் எதிர்த்து நிற்கும் முள்ளை அரத்தால் ராவித் தேய்த்துவிட்டார்.

போகப்போகக் கை பழகியது. மீன் தண்ணீர் வரும் திசையைப் பார்த்து நிற்கும். ஆகவே ஓடையின் கீழ்ப்பக்கமிருந்து, நிழல் விழாமல் நெருங்க வேண்டும். விழுந்த பூச்சியை நரம்பு இழுக்கக் கூடாது; ஓட்டத்தோடு அதுவாக வர வேண்டும். ஆடிக்குச் சற்று முன்பு ஒரு காலையில், கொழுத்த கெண்டை ஒன்று எழும்பிச் சேவல் இறகை நம்பியது. சின்னக்கண்ணு கொக்கியை நோகாமல் எடுத்தார். மீனுக்கு நெற்றி எது என்று சற்றுத் திகைத்து, உத்தேசமாக ஓரிடத்தில் முத்தமிட்டு, ஓடையில் விட்டார்.

மேட்டிலிருந்து வேல்முருகன் அதைப் பார்த்துவிட்டான்.

அந்த ஓடையின் நடுவில் ஒரு பாறை உண்டு. பாறைக்கு மேலே, தண்ணீர் வரும் பக்கம் இருப்பது சாமி மீன்; கீழே, தண்ணீர் போகும் பக்கம் இருப்பது குழம்பு மீன். சாமி மீன் தவறிப்போய் மாட்டினால் கன்னத்தில் போட்டுக்கொண்டு விட்டுவிட வேண்டும். குழம்பு மீனைப் பிடித்துவிட்டுத் திரும்ப விட்டவர் ஊர் தோன்றிய நாளாகக் கிடையாது. எனவே, மீனை விட்டவன் சாமி மீனைத் தொட்டவன். சாமி மீனைத் தொட்டவன் ஆடித் திருவிழாவில் சப்பரத்தின் முன்கம்பைத் தொடக் கூடாது. முன்கம்பைத் தோளில் சுமப்பது சின்னக்கண்ணு குடும்பத்தின் பரம்பரை உரிமை. அவர் தோள் விலகினால் அடுத்த தோள் வேல்முருகனுடையது.

ஊர் கூடியது. வேல்முருகன் ஊர்க்கவுண்டர் அர்த்தனாரியிடம் பணிவாகவே ஆரம்பித்தான்.

"ஏனுங்க மாமா, திங்கற மீன எவனாச்சும் திருப்பி உடுவானுங்களா?"

பாறைக்குக் கீழேதான் பிடித்ததாகச் சின்னக்கண்ணு சத்தியம் செய்தார். பிடித்து விடுவதுதான் இந்த விளையாட்டின் முறை என்றும் விளக்கினார். அர்த்தனாரி சின்னக்கண்ணுவின் பக்கம் திரும்பினார்.

"அப்பறம் எதுக்குக் கண்ணு புடிக்கறே?"

வெள்ளைக்காரன் இதற்குப் பதில் சொல்லியிருக்கவில்லை. வேல்முருகன் சிரித்தான். சின்னக்கண்ணு அவன் வாயில் குத்தினார். அவன் இவர் வாயில் குத்தினான். விலக்கிவிட்ட பிறகு தீர்ப்பு வந்தது: அதே பூச்சியை வைத்து, பாறைக்குக் கீழே, ஊர் பார்க்க ஒரு மீனைப் பிடித்து, கொன்று, தின்றுகாட்ட வேண்டும். குற்றமுள்ள கை நடுங்கும். நடுங்கினால் முன்கம்பு கைமாறும்.

மறுநாள் கரை முழுக்கத் தலைகள். வீச்சு அழகாக விழுந்தது. இரண்டாம் வீச்சிலேயே கெண்டை மாட்டியது. கையிலெடுத்ததும் அது வாயைத் திறந்து திறந்து மூடியது. சின்னக்கண்ணுவின் கை நடுங்கத் தொடங்கியது.

"முத்தங் குடுத்து உட்டுரு சாமி," என்றான் பின்னாலிருந்த வேல்முருகன்.

நடுக்கம் ஊருக்குத் தெரியுமுன் சின்னக்கண்ணு மீனைக் கல்லில் அடித்தார். முதல் அடியிலேயே அது செத்துவிட்டது. அவர் நிறுத்தவில்லை. மண்டை நசுங்கி, கண் தெறித்து, செதில் சட்டையெல்லாம் ஒட்டும்வரை அடித்தார். பிறகு திரும்பி, மிச்சமிருந்த மீனால் வேல்முருகனின் கன்னத்தில் அடித்தார். இருவரும் கட்டிப் புரண்டு தண்ணீரில் விழுந்தார்கள். பிரித்துவிடப் போன அர்த்தனாரிக்கு நியாயமான பங்கு மூக்கில் கிடைத்தது. ஓடை கொஞ்ச தூரம் சிவப்பாக ஓடியது. அதில் மீனின் ரத்தம் மிகக் குறைவு.

மீன் என்று சொல்லத்தக்கவற்றைச் சுகுணா பொறுக்கியெடுத்துச் சுட்டாள். ஆடும் பல்லோடு, ஊரே பார்க்க, சின்னக்கண்ணு முள்ளைக்கூடத் துப்பாமல் தின்றார்.

அர்த்தனாரி துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு கேட்டார்.

"எப்படிச் சாமி இருக்குது?"

"உப்புப் பத்துலீங்க மாமா."

சாமி மீனுக்கு உப்புக் குறை சொல்ல எந்த நாக்கும் துணியாது; ஆகவே குழம்பு மீன்தான் என்று அங்கேயே தீர்ப்பாயிற்று. ஆடியில் முன்கம்பு சின்னக்கண்ணுவின் தோளிலேயே ஏறியது. வேல்முருகனை வேறு இடம் இல்லையென்று அவருக்கு நேர் பின்னால் நிறுத்தினார்கள். தெரு திரும்பும்போதெல்லாம் அவன் இவர் குதிகாலை மிதித்துக்கொண்டே வந்தான்.