சைராகுல் அக்கா செவலைக்கு வரன் பார்த்தது

அஷிர்பாயின் கருங்குதிரை ஓர் ஓநாயை மிதித்தே கொன்றுவிட்டதாம். ரொட்டிக்காரி சொன்னாள். அவளுக்குச் சொன்னது அவளுடைய தங்கை புருஷன். அவனுக்கு யார் சொன்னது என்று கேட்டால், "எல்லாரும்தான் சொல்றாங்க" என்றானாம். இதைக் கேட்டுவிட்டு வந்த சைராகுல் அக்கா கையிலிருந்த ரொட்டியை மேசையில் வைக்கவில்லை. வாசலில் நின்றபடியே என்னைப் பார்த்து, "தம்பி, வண்டியை எடு" என்றார்.

அந்த வசந்தத்தில் இந்த வார்த்தையை நான் கேட்பது பதினாலாவது தடவை. அவர் வீட்டில் பதினொரு வருடமாகக் குடியிருக்கிறேன். குடக்கூலிக்காரன் என்பதெல்லாம் காகிதத்தில்தான். ஏப்ரல் முதல் ஜூன் வரை நான் அவருடைய வண்டிக்காரன். இந்தப் பக்கத்துப் பாலங்கள் ஒவ்வொன்றிலும் எந்தப் பலகை ஆடுகிறது என்று எனக்குத் தெரியும். தெரிந்திருப்பதால் நிம்மதி ஒன்றும் வந்துவிடவில்லை.

எங்கள் பள்ளத்தாக்கில் பெட்டைக் குதிரை வைத்திருப்பவரும் பொலிகுதிரை வைத்திருப்பவரும் ஒருவரையொருவர் சம்பந்தி என்று கூப்பிட்டுக்கொள்வது வழக்கம், பாதி கேலியாக. அக்காவிடம் அந்தப் பாதிக் கேலியும் கிடையாது. தன் செவலைப் பெட்டைக்கு நிஜமாகவே சம்பந்தம் பேசினார். முப்பத்தொரு வருடம் தபால் கொடுத்தவர், பனிக்காலத்தில் குதிரையிலும் மற்ற நாளில் நடந்தும். எந்த வீட்டுக்கு எங்கிருந்து கடிதம் வந்தது, எந்த வீட்டுக்கு வரவேயில்லை என்பதெல்லாம் ஓய்வு பெற்று ஆறு வருடமாகியும் அவருக்கு மறக்கவில்லை. மற்றவர்கள் பொலிகுதிரையின் மார்பை, குளம்பை, நடையைப் பார்ப்பார்கள். அக்கா அதையெல்லாம் ஒரு நிமிடத்தில் முடித்துவிட்டு, குதிரைக்காரனின் குடும்பத்துக்குள் நுழைந்துவிடுவார்.

ஆற்றோரத்து மயிலைக் குதிரை வேண்டாம் என்றார். ஏன் என்று கேட்டேன்.

"அந்தக் குதிரைக்காரனோட அண்ணன் தன் பொண்டாட்டியை ரெண்டு தடவை அவ அம்மா வீட்டுக்கு அனுப்பிவெச்சான். நான்தான் தந்தி கொண்டுபோனேன்."

"அது அண்ணன்தானே அக்கா. குதிரை என்ன பண்ணுச்சு?"

"ஒரே தண்ணி குடிச்சு வளர்ந்ததுதானே ரெண்டும்."

ஜேனிஷ்பெக்கின் பழுப்புக் குதிரை நல்ல குதிரை. எனக்கே தெரிந்தது. இருபத்திரண்டு பெட்டைகளை ஓநாய்க்கும் திருடனுக்கும் விடாமல் ஓட்டிக் காக்கிறது. அதையும் வேண்டாம் என்றார். ஜேனிஷ்பெக் பட்டாளத்தில் இரண்டு வருடம் இருந்தபோது தன் தாய்க்கு மூன்றே மூன்று கடிதம்தான் போட்டானாம். "அந்தம்மா தினம் வாசல்ல வந்து நிக்கும். நான் கையை விரிச்சுக் காட்டிட்டுப் போவேன். அவன் வீட்டு ஆண்பிள்ளைக்கா என் செவலையைக் கொடுக்கறது?"

"குதிரை கடிதம் போடப்போறதில்லையே அக்கா."

"உனக்கு இதெல்லாம் புரியாது. நீ ரெண்டு பாஷை படிச்சவன்."

இதற்கு என்ன அர்த்தம் என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

இப்படிச் சலித்துச் சலித்துத்தான் போன வருடம் பருவமே கடந்துபோயிற்று. அதற்கு முந்தைய இரண்டு வருடம் செவலை சூல் கொண்டது, தங்கவில்லை. ஒன்று பனியில் சறுக்கி விழுந்ததில் போயிற்று. அடுத்தது பிறக்கும்போதே உயிரில்லை. மூன்று வருடம் குட்டியில்லாத பெட்டைக்கு இங்கே என்ன ஆகும் என்று எல்லாருக்கும் தெரியும். கொழுத்துப்போய் நிற்கும். நவம்பரில் நாலு வீட்டார் சேர்ந்து அறுத்து, குளிர்காலத்துக்கு இறைச்சி வைத்துக்கொள்வார்கள். பக்கத்து வீட்டுக் கல்மாத் இதை மார்ச் மாதமே சொல்லிவிட்டார். அவர் அக்காவின் இறந்துபோன கணவருக்கு அண்ணன். செவலை தின்னும் புல் அவருடைய நிலத்தில் விளைகிறது. இந்த வருடமும் சூல் நிற்காவிட்டால் செவலையை அறுக்க விடுகிறேன் என்று, நாலு பேர் உட்கார்ந்து சாப்பிட்ட மேசையில், அக்காவே வாக்குக் கொடுத்துவிட்டார். கோபத்தில் கொடுத்த வாக்கு. வாக்கு வாக்குதான்.

கணவனின் அண்ணன் பெயரைப் பெண்கள் வாயால் சொல்லக் கூடாது. அதனால் அக்கா அவரை "வேலிக்கு அந்தப் பக்கம்" என்பார். "வேலிக்கு அந்தப் பக்கம் இன்னிக்குக் கத்தி தீட்டுது" என்று காலையில் சொன்னால், கல்மாத் அரிவாளைச் சாணை பிடிக்கிறார் என்று நான் புரிந்துகொள்ள வேண்டும்.

ஓநாய்க் கதை வந்த அன்று ஜூன் பதினாறு. அக்கா கருங்குதிரையைத் தேர்ந்தெடுத்துவிட்டார். அஷிர்பாயின் குடும்பத்தில் கடிதக் குறை ஏதும் இல்லையாம். எனக்கு நம்பவே முடியவில்லை. மனம் மாறுவதற்குள் போய்விட வேண்டும் என்று சாவியை எடுத்துக்கொண்டு ஓடினேன்.

ஆனால் அக்கா வண்டியில் ஏறவில்லை. செவலை மேல் ஏறினார். பன்னிரண்டு கிலோமீட்டர் அவர் முன்னால் குதிரையில், நான் பின்னால் முதல் கியரில். பின் சீட்டில் கல்மாத். அவரை யாரும் கூப்பிடவில்லை. "பார்க்கணும்ல" என்று ஏறி உட்கார்ந்துகொண்டார். வழி முழுக்கச் செவலையின் பின்பக்கத்தைப் பார்த்தபடி, "நாலு விரல் கொழுப்பு இருக்கும் தம்பி, நாலு விரல்" என்று சொல்லிக்கொண்டே வந்தார். இன்ஜின் சூடு முள் ஏறிக்கொண்டே போனது. நான் அதைப் பார்ப்பதா, அவருக்குப் பதில் சொல்வதா என்று திண்டாடினேன்.

அஷிர்பாய் ஓடையோரப் புல்வெளியில் இருந்தார். புளித்த குதிரைப்பாலான குமிஸ் ஊற்றிக் கொடுத்தார். அக்கா முதல் வாய் குடித்துவிட்டு, "ஓநாயை எங்க வெச்சு மிதிச்சான்?" என்று கேட்டார்.

அஷிர்பாய் முழித்தார். "எந்த ஓநாய்?"

"கொன்னானாமே."

"அது எங்க மச்சான் வீட்டு நாய் அக்கா. சாகவும் இல்ல. நொண்டிக்கிட்டு வீட்டுக்குப் போயிடுச்சு. அதுக்கே மச்சான் என்கூட பேசறதில்ல."

அக்கா கிண்ணத்தைக் கீழே வைத்தார். போச்சு, இதுவும் வேண்டாம் என்று திரும்பப்போகிறார் என்று நினைத்தேன். அவர் ஓடைக்கு அந்தப்புறம் நின்ற கருங்குதிரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பதினாறு வயதுக் கிழவன். கழுத்து இன்னும் வில் மாதிரி இருந்தது. "சரி. நாயாவே இருக்கட்டும்" என்றார்.

செவலை பருவத்தில் இருந்தது. அதில் யாருக்கும் சந்தேகமில்லை. வாலை ஒதுக்கிக்கொண்டு, கருங்குதிரை இருந்த திசையைப் பார்த்துக் கனைத்துக்கொண்டே வந்தது. அக்கா இறங்கி, கடிவாளத்தைக் கழற்றி, கழுத்தைத் தட்டி விட்டார். கருங்குதிரை தலையைத் தரையோடு தாழ்த்தி ஓடி வந்தது. புதுப் பெட்டையை மந்தைக்குள் ஓட்டிச் சேர்க்க அப்படித்தான் வரும். வந்தது, மூக்கை நீட்டி மோந்தது, நின்றது. மறுபடி மோந்தது. பிறகு காதுகளைப் பின்னால் மடக்கிக்கொண்டு, செவலையின் தொடையில் ஒரு கடி கடித்து, ஓடைக்கு இந்தப்புறம் துரத்திவிட்டது.

இரண்டாவது முறை அஷிர்பாயே பிடித்துக்கொண்டுபோய் விட்டார். மறுபடி துரத்தியது. மூன்றாவது முறை செவலை தானாகவே போனது. ரத்தம் வருகிற அளவுக்குக் கடித்து அனுப்பியது.

முதலில் பேசியவர் கல்மாத்.

"பொலிகுதிரைக்கே தெரிஞ்சுபோச்சு. இது மலடு. மோந்து பார்த்தே சொல்லிடுச்சு."

"பருவத்துக்கு வந்திருக்கே அண்ணே" என்றேன்.

"பருவத்துக்கு வர்றது வேற, சூல் தங்கறது வேற. நீ வண்டியோட்டற வேலையைப் பாரு."

அஷிர்பாய் தலையை ஆட்டினார். "மலட்டை இப்படித் துரத்தாது. சும்மா விட்டுட்டுப் போயிடும். இப்படிக் கடிச்சுத் துரத்தறது ஒண்ணைத்தான்." சற்று நிறுத்தி, அக்காவைப் பார்க்காமல் சொன்னார்: "சொந்த மகளை."

அதுவும் எல்லாருக்கும் தெரிந்ததுதான். பொலிகுதிரை தன் குட்டிகளில் பெட்டைகள் பருவத்துக்கு வந்ததும் மந்தையைவிட்டு விரட்டிவிடும். திரும்பி வந்தாலும் சேர்க்காது.

"இது ஜும்கல் பக்கத்துக் குதிரை" என்றார் அக்கா. "எங்க தாய்மாமன் கொடுத்தது. அப்பன் சூசாமிர் பக்கம் பந்தயம் ஓடினவன்."

"இருக்கலாம் அக்கா. நான் ஒண்ணும் சொல்லல. ஆறு வருஷம் முன்னாடி கொச்கோர் சந்தையில மூணு வயசுச் செவலை ஒண்ணை வித்தேன். இவன் துரத்தினதாலதான் வித்தேன். ஒரு பெரியவர் வாங்கிட்டுப் போனாரு. பேரு கேட்கல."

"அது இதுவா?"

"செவலை ஊருக்கு நூறு இருக்கு. சத்தியம் பண்ணச் சொன்னா பண்ணமாட்டேன்."

அக்காவின் முகத்தை நான் பார்த்தேன். பதினாலு பொலிகுதிரைக்காரர்களின் அண்ணன், தம்பி, அத்தை வரைக்கும் துருவியவர், சொந்தப் பெட்டையின் அப்பன் யார் என்று ஒரே ஒரு கேள்வி கேட்டதில்லை. ஆறு வருடம் முன்பு, அவர் ஓய்வு பெற்ற நாளில், மாமா அசன்கோஜோ செவலையை வாசலில் கொண்டுவந்து கட்டி, ஜும்கல் குதிரை என்று ஒரு வரி சொன்னார். அக்கா நெஞ்சில் கைவைத்துத் தலைவணங்கினார். அவ்வளவுதான். தாய்மாமன் சகோதரி மகளுக்குக் கொடுத்த குதிரையை எங்கே வாங்கினது என்று கேட்பது இங்கே அவர் முகத்தில் துப்புவதற்குச் சமம். யாருமே கேட்டிருக்க மாட்டார்கள்.

"ஜேனிஷ்பெக் நாளை விடியற்காலையில மந்தையை சோன்கோல் மலை மேய்ச்சலுக்கு ஏத்தறான்" என்றார் அஷிர்பாய். "இன்னிக்குள்ள போனா உண்டு. செப்டம்பர்லதான் இறங்குவான்."

"தம்பி, வண்டியை எடு" என்றார் அக்கா.

ஜேனிஷ்பெக் வீட்டு முற்றத்தில் லாரி நின்றது. கூடாரத்துக் கம்பளி ஏறிவிட்டது, அடுப்பு ஏறிக்கொண்டிருந்தது. செவலையின் தொடையில் காய்ந்திருந்த ரத்தத்தை அவர் முதலில் பார்த்தார். பிறகுதான் அக்காவைப் பார்த்தார்.

"வாங்க அக்கா. மூணு கடிதம் போட்டவன் குதிரை எங்களுக்கு எதுக்குன்னு சொன்னீங்களாம்."

"நாலு" என்றார் அக்கா. "நாலாவது நனைஞ்சுபோய் வந்துச்சு. இப்பத்தான் ஞாபகம் வருது."

ஜேனிஷ்பெக் சிரித்துவிட்டார். ஆனாலும் கயிற்றை வாங்கவில்லை. நடந்ததை அக்கா ஒளிக்காமல் சொன்னார். இரண்டு குட்டி தங்காததையும் சொன்னார். கல்மாத் தன் பங்குக்கு மலடு என்பதையும் சேர்த்துக்கொண்டார்.

"இங்க பாருங்க" என்றார் ஜேனிஷ்பெக். "மகள்னு துரத்தியிருந்தா எனக்கு ஒண்ணுமில்ல, இப்பவே சேர்த்துக்கறேன். ஆனா ரெண்டு குட்டி போயிருக்கு. உள்ள ஏதாவது நோய் இருந்து அந்த வாடைக்குத் துரத்தியிருந்தா, என் இருபத்திரண்டு பெட்டைக்கும் ஒட்டிக்கும். மலைமேல டாக்டர் கிடையாது. உங்க மாமா வாயால வரட்டும். கொச்கோர் சந்தையில வாங்கினதுன்னு ஒரு வார்த்தை. அது போதும்."

"மாமாகிட்ட அதை எப்படிக் கேட்கறது?"

"அது உங்க வீட்டு விஷயம்."

"கேட்டாத்தான் என்ன?" என்றார் கல்மாத். "சந்தையில வாங்கினதை வம்சம்னு சொல்லி ஏமாத்தியிருந்தா, கிழவனுக்குத்தானே வெட்கம்."

"தம்பி," என்றார் அக்கா என் பக்கம் திரும்பி, "வேலிக்கு அந்தப் பக்கத்தைக் கொஞ்ச நேரம் வாயை மூடிக்கிட்டு இருக்கச் சொல்லு." வேலி அங்கிருந்து பதினெட்டு கிலோமீட்டர். கல்மாத் பேசாமல் லாரிச் சக்கரத்தின் மேல் போய் உட்கார்ந்தார்.

அக்கா என் போனைக் கேட்டார். அவருடையதில் சிக்னல் ஒரு கோடுதான் இருந்தது, என்னுடையதில் இரண்டு. சார்ஜ் ஒன்பது சதவீதம். எண்ணை அவர் மனப்பாடமாகவே அழுத்தினார். பச்சைப் பொத்தானை அழுத்தாமல் நிறுத்தினார்.

"முதல்ல உடம்பு எப்படின்னு கேட்பேன்" என்றார் என்னிடம். "அப்புறம் ஆடுமாடு. அப்புறம் மருமகளுக்கு முட்டி வலி எப்படியிருக்குன்னு. அப்புறம்..."

"அக்கா, ஒன்பது சதவீதம்."

"அப்புறம் எப்படிடா கேட்கறது? மாமா, நீங்க எனக்குப் பொய் சொன்னீங்களான்னா?"

"சொல்லியிருந்தா நல்லது அக்கா. பொய்யா இருந்தாத்தான் செவலை பிழைக்கும்."

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். ஜேனிஷ்பெக் முகத்தைத் திருப்பிக்கொண்டு லாரிக் கயிற்றை இழுத்துக் கட்டினார். செவலை முற்றத்துப் புல்லைக் கடித்துக்கொண்டே, பட்டியிலிருந்த பழுப்புக் குதிரையின் பக்கம் காதைத் திருப்பியது. பழுப்பு ஒருமுறை கனைத்தது.

அக்கா பொத்தானை அழுத்தி, போனைக் காதில் வைக்காமல் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி உள்ளங்கையில் பிடித்துக்கொண்டார்.

மணி அடித்தது. மாமாவுக்கு எண்பத்தொரு வயது. போன் சன்னலில் இருக்கும், அவர் வெளியில் இருப்பார். ஐந்து, ஆறு. கல்மாத் சக்கரத்திலிருந்து இறங்கி நின்றார். ஜேனிஷ்பெக்கின் கை கயிற்றின் மேலேயே இருந்தது. ஒன்பது, பத்து. "எடுங்க மாமா" என்றார் அக்கா மெதுவாக, என்ன கேட்பதென்று இன்னும் தெரியாத முகத்தோடு. மணி அடித்துக்கொண்டே இருந்தது.