நான் சொல்லாமல் விட்டது

எங்கள் வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். அந்தப் படிப்பை வைத்தே ஒருத்தியின் வேலையைப் பறித்தேன்.

ராயபுரத்தில் ஒரு நூல் ஆலை. மேஸ்திரியை அடித்ததாக அங்கே வேலை செய்த அஞ்சலை மீது விசாரணை. அவள் பேச்சை வெள்ளைக்கார மானேஜருக்கு இங்கிலீஷில் சொல்ல என்னை அழைத்திருந்தார்கள்.

"கைய புட்சி இஸ்தான். அதான் கூடையால ஒண்ணு வுட்டேன்" என்றாள்.

அத்தனை ஆண்கள் நடுவில் அவன் கையைப் பிடித்து இழுத்த முதல் பாதியைச் சொல்லக் கூசினேன். அடித்ததை மட்டும் சொன்னேன். அன்றே அவளை நீக்கினார்கள்.

"நான் சொன்னத்த முழுசா சொன்னியா நீ?" என்று வாசலில் கேட்டாள். அவளைக் கடந்து தெருவில் இறங்கினேன்.

எங்கள் மொழிபெயர்ப்பாளர் சங்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. தவறியவர் தாமே வந்து சொன்னால், சங்கம் திருத்தம் எழுதி அனுப்பும். மறுநாளே போய்ச் சொன்னேன்.

"அப்பாலே அந்த ஆலையிலே உன்னைக் கூப்பிடமாட்டாங்களேம்மா" என்றார் காரியதரிசி.

"பரவாயில்லை, எழுதுங்க சார்."

சங்கத்தின் கடிதம் போனதும் நடந்த மறுவிசாரணையில் ஒரு சொல் விடாமல் சொன்னேன். அஞ்சலைக்கு வேலை திரும்பக் கிடைத்தது. "மேஸ்திரி மூஞ்சியப் பாத்தியா? சுண்ணாம்பு அட்ச்ச செவுரு!" என்று சிரித்தாள்.

பிறகு ஆலை எனக்குப் பதில் வேறு மொழிபெயர்ப்பாளரைச் சங்கத்திடம் கேட்டது. "அந்தப் பெண்ணே வருவாள்" என்று சங்கம் பதில் எழுதியது. உறுப்பினர் ஒருவரும் என் இடத்துக்குப் போகவில்லை. அவர்கள் பட்டியலில் என் பெயரும் இருப்பதை நினைத்தால் இன்றும் என் தலை நிமிர்கிறது.