தெருவே தின்ற தவிடு

என் தம்பி பேக்கரி வைத்திருக்கிறான். கல்லாவில் உட்காருவது நான். அவனுக்கு வாயே கிடையாது, எனக்கு அது கொஞ்சம் நீளம். அதனால்தான் கடை ஓடுகிறது என்று நான் சொல்வேன். பிரெட் நன்றாக இருப்பதால் ஓடுகிறது என்று தெரு சொல்லும். அதுவும் பொய்யில்லை. அவன் போடும் பிரெட்டை விரலால் அழுத்தினால் உள்ளே போய், தூங்கி எழுந்த மாதிரி நிதானமாக மேலே வரும். பளிச்சென்று வெள்ளையாக இருக்கும்.

அந்த வெள்ளைதான் வினையாகப் போயிற்று. அவனுக்கு ஒரே மகள், ஏழு வயது. பிரெட்டின் ஓரத்தைத் தொடமாட்டாள். நடுவில் இருப்பதைக் குடைந்து தின்றுவிட்டு வெறும் சட்டத்தைத் தட்டில் வைத்துவிட்டுப் போவாள். அதற்காக நான் வைத்த 'எலிக்குட்டி' என்ற பெயர் அவளுக்கு நிலைத்துவிட்டது. காலையில் பிரெட், பள்ளிக்கூடத்துக்கும் பிரெட், சாயங்காலம் கடையில் என் பக்கத்து ஸ்டூலில் ஏறி உட்கார்ந்து மறுபடியும் பிரெட். காய், பழம், பயறு எதைக் கண்டாலும் வாயைப் பூட்டிக்கொள்வாள். அவள் அம்மாவுக்கு பஸ் டிக்கெட் கவுன்ட்டரில் வேலை. நாள் முழுக்க ஊராரோடு மல்லுக்கட்டிவிட்டு வந்து, கேரட்டை நட்சத்திரமாக வெட்டினாள், ஆப்பிளுக்குக் கண் மூக்கு வைத்தாள், தலைகீழாக நின்று பார்த்தாள். எலிக்குட்டி நட்சத்திரங்களை வரிசையாக அடுக்கி விளையாடிவிட்டு எழுந்து போனாள்.

விளையாட்டாக இருந்திருந்தால் விட்டிருப்போம். பிள்ளைக்கு வயிறு கல்லாகிவிடும். பாத்ரூமுக்குள்ளே அவள் அழுவாள், கதவுக்கு வெளியே இவன் நிற்பான்.

"வரலப்பா, வலிக்குதுப்பா."

"கொஞ்சம் முயற்சி பண்ணும்மா."

"முடியலப்பா!"

வலிக்குமே என்ற பயத்தில் அடக்குவாள். அடக்கியதால் அடுத்த முறை இன்னும் வலிக்கும். டாக்டரம்மா மருந்து எழுதிக் கொடுத்துவிட்டு, "இதையே நம்பிக்கிட்டு இருக்க முடியாதுங்க. நார்ச்சத்து உள்ள போகணும். காய், பழம், நிறைய தண்ணி. இல்லைன்னா இது திரும்பத் திரும்ப வரும்" என்றார். தம்பி மருந்துச் சீட்டைப் பார்த்தபடியே தலையாட்டினான்.

வேறு கடையிலிருந்து கோதுமை பிரெட் வாங்கி வந்தான். எலிக்குட்டி முகர்ந்து பார்த்து, "இது நம்ம கடைது இல்ல" என்று தள்ளிவிட்டாள். தன் கண்ணெதிரே ட்ரேயிலிருந்து எடுத்த பிரெட்டைத்தான் அவள் நம்புவாள். அவளுக்கென்று தனியாக ஒன்று சுட்டுக் கொடுக்க வழியில்லை. ஊமைக் கோட்டான் என்ன செய்தான் தெரியுமா? மொத்த மாவிலும் கை வைத்தான். தவிட்டைத் தண்ணீரில் ஊறவைத்து, முதலில் ஒரு கரண்டி, பிறகு ஒரு கை, பிறகு ஒரு கிண்ணம் என்று நாளுக்கு நாள் ஏற்றிக்கொண்டே போனான். ஒரு பிள்ளையின் வயிற்றுக்காகத் தெருவே தவிடு தின்றது.

"என்னடா, பிரெட்டு கறுத்துப்போற மாதிரி இருக்கு?" என்று கேட்டேன்.

"புது மாவுக்கா" என்றான், என் முகத்தைப் பார்க்காமல்.

பிள்ளைக்கு வயிறு இளகியது. இவன் முகமும் இளகியது. அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆசை யாரை விட்டது? இன்னொரு கிண்ணம் சேர்த்தான். பிரெட் எழும்பாமல் செங்கல்லாகப் படுத்துக்கொண்டது. ஹோட்டல்காரர் வந்து, "இதை டோஸ்ட் போட்டுக் கொடுத்தா என்னை அடிப்பாங்கம்மா" என்று மொத்தத்தையும் திருப்பிக் கொடுத்தார். பல்செட் கட்டிய பெரியவர் பல்லிடுக்கில் ஏதோ குத்துகிறது என்று அங்கேயே கழற்றிக் காட்ட வந்துவிட்டார். தையல்காரர் ஒருவர்தான் மகிழ்ச்சியாக இருந்தார்.

"என்னத்தம்மா போடறீங்க? காலைல போனோம், வந்தோம்னு இருக்கு! தவிடா?" என்று கடை அதிரக் கேட்டார்.

என் பக்கத்தில் எலிக்குட்டி உட்கார்ந்திருந்தாள். கையிலிருந்த பிரெட்டை விளக்குக்கு நேரே தூக்கிப் பார்த்தாள். உள்ளே பொட்டுப் பொட்டாகப் பழுப்பு நிறம். இறங்கி, அடுப்பறை வாசலுக்குப் போய் நின்றாள்.

"தவிடுன்னா என்னப்பா? அதை இதுல போட்டியா?"

அவன் கையில் மாவோடு நின்றான். "உன் நல்லதுக்குத்தான்..."

"ஏமாத்திட்டே."

அழுது புரண்டிருந்தால்கூடப் பரவாயில்லை. சத்தம் போடாமல் பிரெட்டை மேஜையில் வைத்துவிட்டு வந்தாள். அன்றிலிருந்து அதையும் தொடவில்லை. அவன் தண்ணீர் நீட்டினால் முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் குடித்தாள். பாலும் பாக்கெட் பிஸ்கெட்டுமாக ஓடியது. பழையபடி பாத்ரூமில் அழுகை. இப்போது வெளியே அம்மாவைத்தான் நிற்கச் சொன்னாள், அப்பா வேண்டாமாம். தவிட்டை அவன் நிறுத்திவிட்டான், அதற்குத் தையல்காரர் வந்து சண்டை பிடித்துவிட்டுப் போனார். எதுவும் இவன் காதில் ஏறவில்லை.

"ஒரு வாய் வாங்க மாட்டேங்குதுக்கா என் கையால" என்று வந்து நின்றபோது எனக்கு வந்ததே கோபம்!

"உன் தட்டுல என்னைக்காவது ஒரு பீன்ஸைப் பார்த்திருக்கேனாடா நான்? டீயில பிரெட்டைத் தொட்டுத் தின்னே நாப்பது வயசாச்சு உனக்கு. அப்பனைப் பார்த்துத்தானே அது வளருது? திருட்டுத்தனமா தவிடு போடத் தெரியுது, எதிர்ல உக்காந்து ஒரு காயைத் தின்னத் தெரியலையா?"

திரும்பி அடுப்பறைக்குள் போய்விட்டான். அதிகம் பேசிவிட்டேனோ என்று எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது.

மறுநாள் சாயங்காலம் ஒரு தட்டு நிறைய வேகவைத்த பீன்ஸோடு வந்து, எலிக்குட்டிக்கு எதிரே உட்கார்ந்தான். அவளிடம் நீட்டவில்லை. தானே ஒன்றை எடுத்து வாயில் போட்டான். தொண்டையைத் தாண்டுவதற்குள் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நல்ல நேரமாக இருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன். அடுத்தடுத்த நாட்களிலும் அதே தட்டு, அதே கண்ணீர். எலிக்குட்டி முதலில் ஓரக்கண்ணால் பார்த்தாள். பிறகு நேராகவே பார்த்தாள்.

ஒருநாள் அவனுக்குக் குமட்டிக்கொண்டு வந்தது.

"துப்பிடுப்பா" என்றாள். தவிட்டு விஷயத்துக்குப் பிறகு அவனிடம் அவளாகப் பேசியது அதுதான்.

"இல்லம்மா. துப்பினா வலிக்கும்."

"எங்க வலிக்கும்?"

அவன் என்னைப் பார்த்தான். நான் கல்லாவில் தலையைக் குனிந்துகொண்டேன்.

"உனக்கு வலிக்கிற அதே இடத்துலதான், கண்ணு. எனக்கும் வராது. ரொம்ப வருஷமாவே."

"பொய் சொல்றியா?"

"இனிமே உன்கிட்ட பொய் சொல்ல மாட்டேம்மா. நிஜமாத்தான் சொல்றேன்."

"நீயும் அழுவியா?"

"குழாயைத் திறந்து விட்டுட்டு அழுவேன். வெளிய கேக்காது."

தினம் பொழுதுக்கும் இவனோடு ஒரே கூரையின் கீழ் நின்று கத்திக்கொண்டிருக்கிறேன், எனக்குத் தெரியாது. அவன் பெண்டாட்டிக்கும் தெரிந்திருக்காது. யாரிடமும் சொல்லாமல் இத்தனை வருடமும் தனியாகவே அனுபவித்திருக்கிறான், பாவி.

எலிக்குட்டி ஸ்டூலோடு முன்னால் நகர்ந்தாள். பிறகு தட்டைத் தன் பக்கம் இழுத்து, விரலால் பீன்ஸை இரண்டு குவியலாகப் பிரித்தாள்.

"இது உனக்கு. இது எனக்கு. அவ்வளவையும் நீ ஒருத்தனே எப்படிப்பா தின்னுவே?"

மூக்கைப் பிடித்துக்கொண்டு, கண்ணை இறுக மூடிக்கொண்டு, ஒன்றைக் கடித்தாள். அவனும் மூக்கைப் பிடித்துக்கொண்டான்.

யாரோ வந்து கல்லாவைத் தட்டி, "ரெண்டு பிரெட்டும்மா, சீக்கிரம்" என்றார். எனக்குக் கண்ணீர் கண்ணை மறைத்துக்கொண்டிருந்தது.

"கொஞ்சம் பொறுய்யா!" என்று கத்தினேன். "இங்க ரெண்டு பேர் சாப்பிட்டுக்கிட்டு இருக்காங்க, தெரியல?"