படகில் பெண் பார்த்த கதை

என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள் ஐந்து கூட்டம். முதல் நான்கும் உப்பளம் பகுதியில் எங்கள் வீட்டுக்கே வந்து, என்னை ஏற இறங்கப் பார்த்து, "வீட்டுக்குப் போயி சொல்லி அனுப்பறோம்" என்று எழுந்துபோன கூட்டம். அவர்கள் வீடு எங்கேதான் இருக்கிறதோ, இன்னும் போய்ச் சேரவில்லை. வருகிறவர்களையும் போகிறவர்களையும் தெருவே வேடிக்கை பார்த்ததால், ஐந்தாவதை யார் கண்ணிலும் படாமல் வைக்க அம்மா ஒரு யோசனை செய்தாள். அரியாங்குப்பம் ஆற்றில் அலையாத்திக் காட்டுக்குள் போகிற படகில், இரண்டு வீட்டாரும் தற்செயலாகச் சந்திப்பதுபோல் சந்திப்பது. இதுவும் தட்டிப்போனால் இனி மாப்பிள்ளை தேடப்போவதில்லை என்றும் சொல்லிவிட்டாள். எனக்கு வயது முப்பத்தொன்று. இப்போது விளையாட்டாகச் சொல்கிறேன், அன்று காலை பயமாகத்தான் இருந்தது.

படகு ஆள் நடக்கிற வேகத்தில்தான் போனது. மாப்பிள்ளை லாஸ்பேட்டையில் ஒரு ஆபீசில் கிளார்க். அவர் கரையோர நண்டுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய அம்மா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். கூட ஏறிய தவளக்குப்பத்துப் பெண்கள் நாலு பேர் எங்கள் எல்லாரையும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஐந்தே நிமிடத்தில் அவர்களுக்கு விஷயம் புரிந்துவிட்டது. "பொண்ணு லட்சணமாத்தான் இருக்கு" என்று ஒருத்தி எல்லார் காதிலும் விழும்படி சொன்னாள்.

காட்டின் நடுவில் படகு சேற்றில் தட்டி நின்றது. "தண்ணி வடிஞ்சிருச்சு. ஏறினாத்தான் நவுரும்" என்று சொல்லிவிட்டு, படகுக்காரர் துண்டை முகத்தில் போட்டுக்கொண்டு சாய்ந்துவிட்டார்.

இரண்டு மணி நேரம் போனது. அம்மா கேசரி டப்பாவைத் திறந்தாள். எங்கள் பக்கத்தில், பெண் வீட்டுச் சாப்பாட்டில் மாப்பிள்ளை வீட்டார் கை நனைத்தால் சம்மதம் என்று அர்த்தம். "வேணாங்க" என்ற மாப்பிள்ளையின் அம்மாவுக்குக் கை நடுங்கியது, நெற்றி வியர்த்தது. சர்க்கரை நோய்க்காரர், காலையில் மாத்திரை போட்டவர் சரியாகச் சாப்பிடாததால் சர்க்கரை இறங்கிவிட்டது. தவளக்குப்பத்தார் கொண்டுவந்த முறுக்கோ எப்போதோ காலி. மகன் கெஞ்சியும் அவர் வாயைத் திறக்கவில்லை. அந்தப் பிடிவாதத்தைப் பார்த்து எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"சாப்பிடுங்க ஆண்ட்டி. எனக்குச் சம்மதமில்ல. அப்பறம் இது வெறும் கேசரிதான்" என்றேன்.

அம்மா தலையில் கை வைத்துக்கொண்டாள். மாப்பிள்ளையின் அம்மாவோ டப்பாவை வாங்கி, நிதானமாகப் பாதியைக் காலி செய்தார். நடுக்கம் நின்றதும் கேட்டார்: "ஏம்மா சம்மதமில்ல?"

"யாரும் என்னைக் கேக்கலியே ஆண்ட்டி."

மாப்பிள்ளை நண்டுகளை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"நான் கேக்கறேன். என்னைப் புடிச்சிருக்கா?"

ஐந்து கூட்டத்தில் அதை என்னிடம் கேட்ட முதல் ஆள் அவர்தான். எனக்கு அழுகை வந்துவிட்டது.

"அழுதது போதும், பதிலைச் சொல்லு. தண்ணி ஏறுது, படகு கெளம்பிடும்" என்றாள் தவளக்குப்பத்துக்காரி ஒருத்தி.

"தெரியல" என்றேன் அவரிடம். "கொஞ்சம் பேசிப் பாக்கணும்."

படகுக்காரர் எழுந்து எஞ்சினைப் போட்டார். மாப்பிள்ளை என் எதிர் பலகைக்கு மாறி உட்கார்ந்துகொண்டு, "அண்ணே, மெதுவாவே போங்க" என்றார்.