அக்காவின் கால்களுக்குச் சுடவில்லை

நான் கேற்றைத் தாண்டி ஒழுங்கைக்குள் இறங்கி உரும்பிராய்ப் பக்கமாக நடக்கத் தொடங்கிவிட்டேன். பின்னால் அண்ணை நின்று கூப்பிட்டார்.

“எங்கையடா போறாய்? தேத்தண்ணி ஆறுது!”

“நீங்களே குடியுங்கோ.”

நடப்பது எனக்குப் புதிதல்ல. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டபின் மன்னாரில் மீன்வாடி, புத்தளத்தில் உப்பளம், கொழும்பில் கட்டட வேலை, வன்னியில் அரிசி ஆலை என்று போன இடமெல்லாம் பாதி வழி நடந்துதான் போயிருக்கிறேன். பட்டினியோடும் நடந்திருக்கிறேன். ஆனால் கோப்பாய் வீட்டை விட்டு இவ்வளவு கோபத்தோடு நடந்தது அன்றுதான்.

காரணம் இப்போது உங்கள் கையில் இருக்கும் இந்தக் கல்வெட்டு, அக்காவின் நினைவாக அச்சடித்த இந்தச் சிறு புத்தகம். முப்பத்தோராம் நாள் சடங்கான அந்தியேட்டிக்கு வருகிறவர்களுக்குக் கொடுப்பதற்காக, கனடாவிலிருந்து வந்திருந்த அண்ணை அக்காவின் வாழ்க்கையை எழுதி வைத்திருந்தார். விறாந்தையில் இருந்து எங்களுக்கு வாசித்துக் காட்டினார். பிறந்தது, வளர்ந்தது, மணம் முடித்தது எல்லாம் சரி. கடைசியில், “சிறிது காலம் சுகவீனமுற்றிருந்து இறைபதம் எய்தினார்” என்று முடித்தார்.

“என்ன சுகவீனம்?” என்று கேட்டேன்.

“சுகவீனம் எண்டாச் சுகவீனம்தான். எல்லாக் கல்வெட்டிலையும் உப்பிடித்தானே போடுறது.”

“தடிமனோ, காய்ச்சலோ? அவவின்ரை கால் ஏன் எடுத்தது எண்டு போடுங்கோ.”

“உனக்கென்ன விசரே? கல்வெட்டென்ன பொலிஸ் முறைப்பாடோ? சனம் வீட்டிலை வைச்சுப் பாக்கிற சாமானடா.”

“வைச்சுப் பாக்கட்டும் எண்டுதான் சொல்லுறன்.”

அண்ணை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அக்காவின் ஒரே மகள், என் மருமகள், கதவு நிலையில் சாய்ந்து நின்றாள். நான் எழுந்து வந்துவிட்டேன்.

உரும்பிராய்ச் சந்திக்குக் கிட்டப் போகும்போது மருமகளிடமிருந்து அழைப்பு வந்தது. “சின்ன மாமா, அம்மாவின்ரை கதையை நீங்களே எழுதுங்கோ. பெரிய மாமாவோடை நான் கதைச்சிட்டன். அவர் முகத்தைத் தூக்கி வைச்சுக்கொண்டு இருக்கிறார். ஆனா ஓம் எண்டிட்டார்.”

ஆகவே எழுதுகிறேன். பிழை இருந்தால் என் படிப்பின் குறை. விசயத்தில் பிழை இல்லை.

அக்கா கோப்பாயில் தோட்டக்காரக் குடும்பத்தில் அண்ணைக்கு அடுத்ததாகப் பிறந்தார். நான் கடைசி. ஐயா வேளைக்கே போய்விட்டார். அண்ணை படிக்கவேண்டும் என்பதற்காக அக்கா பள்ளிக்கூடத்தை நிறுத்தித் தோட்டத்துக்குள் இறங்கினார். வெங்காயம் நட்டார், புகையிலைக்குத் தண்ணீர் கட்டினார். செருப்பென்பது ஊருக்குப் போகும்போது போடும் சாமான் என்றிருந்த காலம் அது. சேற்றிலும் கட்டியிலும் நின்று தடித்த பாதங்கள் அவை. முள் குத்தினால், “முள்ளுக்குத்தான் நொந்திருக்கும்” என்பார்.

போரில் இடம்பெயர்ந்து தென்மராட்சிக்குப் போனபோது மகளை இடுப்பிலும் அம்மாவைக் கையிலும் பிடித்துக்கொண்டு நடந்தவர் அக்கா. திரும்பி வந்து பார்த்தபோது கிணறு தூர்ந்து கிடந்தது. அத்தானும் அக்காவும் சேர்ந்து அதை இறைத்துத் துப்புரவாக்கினார்கள். அத்தான் லொறி ஓட்டியவர். நெஞ்சு வருத்தத்தில் அவர் போனபின் அக்கா தனியே தோட்டம் செய்து மகளைப் படிப்பித்து ஆசிரியை ஆக்கினார். நான் வெறுங்கையோடு வந்து நிற்கும் ஒவ்வொரு தடவையும், “வந்திட்டியோ? கை காலைக் கழுவிப்போட்டுச் சாப்பிட வா” என்று மட்டும்தான் கேட்டார். எங்கே போனாய் என்று ஒருநாளும் கேட்டதில்லை.

வெங்காய நாற்றுப் பிடுங்கும்போது கண் மங்கலாகத் தெரிகிறது என்றுதான் அக்கா கிளினிக்குக்குப் போனார். அங்கே சலரோகம், அதாவது நீரிழிவு என்றார்கள். ஊர்ப் பேச்சில் சீனி வருத்தம். கால் விரல்களும் மரத்துப்போயிருந்தன. கிளினிக்கில் இருந்த தாதி, எல்லோரும் மிஸ்ஸி என்று கூப்பிடுகிறவர், அக்காவின் பாதத்தை ஒரு நூலால் தொட்டுத் தொட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னதை அக்கா வீட்டுக்கு வந்து எனக்கு அப்படியே சொன்னார். “இனி வெறுங்காலோடை ஒரு அடியும் வைக்கப்படாதாம். வீட்டுக்குள்ளையும் செருப்புப் போடட்டாம். கோயிலுக்குப் போனாத் தடிச்ச சொக்ஸ் போடட்டாம்.”

அக்கா சொன்னதைச் செய்கிறவர். வீட்டுக்குள் மட்டும் போடுவதற்கென்று நீல நிறத்தில் ஒரு சோடி வாங்கினார். அது முற்றத்தைக் கண்டதே இல்லை. சோற்றைக் குறைத்துக் கீரையைக் கூட்டினார். காலையில் யன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு குதிக்காலை உயர்த்தி உயர்த்தி இறக்குவார். “தோட்டம் கொத்தின எனக்கு எக்சசைஸ் பழக்கிறாங்களடா” என்று சிரித்துக்கொண்டே செய்வார். பின்னேரம் குசினியிலிருந்து விறாந்தைக்கும் விறாந்தையிலிருந்து குசினிக்கும் கைவீசி நடப்பார். ஊசியும் குளிசையும் நேரத்துக்கு. வைத்தியரே மெச்சினார்.

மெச்சாதவர்கள் எங்கள் சொந்தக்காரர்கள். வீட்டுக்கு வந்தவர்கள் முதலில் அக்காவின் முகத்தைப் பார்க்கவில்லை, காலைத்தான் பார்த்தார்கள்.

“என்னடியப்பா, வீட்டுக்குள்ளை செருப்போ? உந்த வீட்டிலை லட்சுமி தங்குவாளோ?”

“லட்சுமி வரட்டும். அவவுக்கும் ஒரு சோடி வாங்கிக் குடுக்கிறன்” என்றார் அக்கா.

சீனி போடாத தேத்தண்ணிக்குப் பக்கத்தில் பனங்கட்டியை வைத்து, “இது சீனியில்லையே, எங்கடை மண்ணின்ரை சாமான். கடிச்சுக் குடி, ஒண்டும் செய்யாது” என்றார்கள். கலியாண வீட்டில், “இண்டைக்கு ஒருநாள் தானே” என்று இலையில் பாயாசத்தை ஊற்றினார்கள். அடுத்த வீட்டிலும் அதே சொல். சொல்கிறவருக்குத்தான் அது ஒருநாள். அக்காவுக்கு எல்லா நாளும் யாரோ ஒருவரின் ஒருநாளாக இருந்தது. மறுத்தால், “பெரிய துரைசாணி ஆகிட்டா” என்றார்கள். இதையெல்லாம் அக்கா தாங்கினார். சிரித்துச் சமாளித்தார். ஒரே ஒரு தடவைதான் அவர் விட்டுக்கொடுத்தார்.

அது போன வருடத் தேர்த் திருவிழா. எந்தக் கோயில் என்று எழுதவில்லை. கோயிலில் பிழையும் இல்லை. நான் அப்போது ஊரில் இருந்தேன். அக்காவையும் மருமகளையும் ஓட்டோவில் கூட்டிக்கொண்டு போனேன். வெளிவீதி தொடங்கும் இடத்தில் அக்கா செருப்பைக் கழற்றிவிட்டுப் பையிலிருந்து சாம்பல் நிறச் சொக்ஸை எடுத்துப் போட்டார். எங்கள் உறவில் ஒரு பெண்மணி, வயதில் மூத்தவர், சனத்துக்கு நடுவில் நின்று குரலை உயர்த்தினார்.

“சாமி வாற வீதியிலை காலிலை என்னடி அது? கிறிக்கெட் விளையாடப் போறியோ?”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

“அவவுக்குச் சலரோகம். கால் மரத்துப்போச்சு. கிளினிக்கிலைதான் போடச் சொன்னவை” என்றேன் நான்.

“எனக்குந்தான் சலரோகம். நான் வெறுங்காலோடை நிக்கேல்லையோ? சாமி பாத்துக்கொள்ளும். ஊர் சுத்துற நீ வந்து எங்களுக்குக் கோயில் முறை படிப்பிக்காதை.”

நான் திருப்பிச் சொல்ல வாயைத் திறந்தேன். அக்கா என் கையைப் பிடித்தார். “தேர் நாளிலை சண்டை பிடியாதை தம்பி. நீ போய் வடத்தைப் பிடி.” சொல்லிக்கொண்டே குனிந்து சொக்ஸைக் கழற்றிப் பைக்குள் வைத்தார். அவருடைய முகம் சிவந்திருந்தது. அந்த முகத்தை என்னால் மறக்க முடியவில்லை.

தேர் சுற்றி முடித்து இருப்பிடத்துக்கு வர மத்தியானம் ஆகிவிட்டது. தேர்முட்டியடி சீமெந்துத் தரை தோசைக்கல்லாகக் கொதித்தது. நான் வடத்தில் நின்றேன். பெண்கள் பக்கம் நடந்ததை மருமகள்தான் பின்னர் சொன்னாள். சனம் முழுவதும் கால் மாற்றிக் கால் மாற்றித் துள்ளியதாம். சிலர் சீலைத் தலைப்பைப் போட்டு மிதித்தார்களாம். அக்கா மட்டும் கைகூப்பியபடி அசையாமல் நின்றாராம். அதே உறவினர் பிள்ளைகளுக்கு அக்காவைக் காட்டினாராம்: “நீங்கள் குரங்குகள் மாதிரித் துள்ளுறியள். அவவைப் பாருங்கோ, அசையிறாவோ? அதுதான் பக்தி.”

இதைத்தான் எல்லோரும் வாசிக்கவேண்டும் என்று விரும்புகிறேன். அக்காவுக்குப் பக்தி இருந்தது. என்னைவிடக் கனக்க இருந்தது. ஆனால் அன்றைக்கு அவர் துள்ளாமல் நின்றது பக்தியால் அல்ல. கால் செத்துப்போயிருந்தது. அடியில் தோல் வேகிறது, மேலே அவருக்குத் தெரியவில்லை. நாங்கள் அதைப் பார்த்து மெச்சினோம். அந்த மெச்சலில் அக்கா குளிர்ந்துபோனார். வீட்டுக்கு வரும் வழியில் ஓட்டோவுக்குள் இருந்து, “எல்லாரும் துள்ளினவை, நான் மட்டும் துள்ளேல்லையடா” என்று சின்னப்பிள்ளைபோலச் சொன்னார்.

அன்று பின்னேரம் மருமகள் வீட்டுக்குள் ஈரக் காலடிகளைக் கண்டாள். “அம்மா, காலைத் துடைச்சுப்போட்டு வாங்கோவன்” என்றாள். “நான் கால் கழுவேல்லையே பிள்ளை” என்றார் அக்கா. இரண்டு பாதத்திலும் கொப்புளங்கள் உடைந்து நீர் வழிந்துகொண்டிருந்தது. செருப்புக்குள் அது நிரம்பித் தரையில் பதிந்திருந்தது.

அடுத்த நாளே வைத்தியசாலைக்குக் கொண்டுபோனோம். இடது காலில் புண் ஆறியது. வலது காலில் ஆறவில்லை. முதலில் விரல்களை எடுத்தார்கள், பின்னர் முழங்காலுக்குக் கீழே முழுவதையும் எடுத்தார்கள். பார்க்க வந்தவர்கள் வெறுங்கையோடு வரக்கூடாது என்று பிஸ்கற் பக்கற்றுகளும் பாலில் கரைக்கும் இனிப்பு மா ரின்களும் கொண்டுவந்து கட்டிலடியில் அடுக்கினார்கள். சீனி வருத்தத்தில் கால் எடுத்தவரைப் பார்க்கச் சீனியோடு வருகிற சனம் நாங்கள். அந்த உறவினரும் வந்தார். அக்காவின் தலையைத் தடவி, “போன பிறப்பிலை என்ன செய்தியோ, இப்பிடிக் கிடக்கிறாய்” என்று அழுதார். போன பிறப்புக்கு ஏன் போகவேண்டும்? போன தேருக்குப் போனால் போதாதா?

நான் அதைக் கேட்டேன். கட்டிலடியில் வைத்தே கேட்டேன். அதற்குப் பின் அவர் என்னோடு கதைப்பதில்லை. அதனால் எனக்கு நட்டம் எதுவும் இல்லை.

அக்கா யாரையும் குறை சொல்லவில்லை. வீட்டுக்கு வந்தபின் கதிரையில் இருந்தபடி, மண் நிரப்பிய தண்ணீர்ப் போத்தல்களை இரண்டு கையாலும் தூக்கித் தூக்கி இறக்கினார். மிஞ்சிய காலை நீட்டி மடக்கினார். “ஒரு கால் மிச்சம் பிடிச்சாச்சு. இதையும் விட்டுக் குடுக்கேலாது” என்பார். அந்தக் காலுக்குச் செருப்பைப் போட்டுவிடும் வேலை என்னுடையது. வந்தவர்கள் அதற்குப் பிறகு செருப்பைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அப்போது மட்டும் எல்லோருக்கும் விளங்கியது. ஒரு மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் கதிரையில் சாய்ந்தவர் எழும்பவில்லை. இருதயம் நின்றுவிட்டது என்றார் வைத்தியர்.

வேலை முடிந்து வீட்டுக்குப் போகும் வழியில் எங்கள் படலையடியில் சைக்கிளை நிறுத்தி, கேட்காமலே வந்து புண்ணைப் பார்த்துவிட்டுப் போன அந்த மிஸ்ஸிக்கு எங்கள் குடும்பத்தின் நன்றி. அக்காவைத் தன் தாயைப்போலத் தூக்கி ஏற்றி இறக்கிய ஓட்டோக்காரத் தம்பிக்கும், சீனியில்லாத சாப்பாட்டை முகம் சுளிக்காமல் சமைத்து அனுப்பிய பக்கத்து வீட்டுக்காரருக்கும், செத்த வீட்டில் பந்தல் போட்டதிலிருந்து சாம்பல் அள்ளும் காடாத்து வரை கூட நின்ற எல்லோருக்கும் நன்றி. இந்தக் கட்டுரையை அச்சில் போடத் துணிந்த மருமகளுக்கு நன்றி. பிடிக்காமலும் விட்டுக்கொடுத்த அண்ணைக்கும் நன்றி. நான் நன்றி சொல்ல முடியாதவர்களும் இதைக் கையில் வைத்திருப்பார்கள். அவர்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன்: உங்கள் வீட்டில் ஒருவர் வீட்டுக்குள் செருப்புப் போட்டால், பேசாமல் இருங்கள். அவ்வளவு போதும்.

அன்று நான் நடந்து மருதனார்மடம் போய்ச் சேர இருட்டத் தொடங்கிவிட்டது. சந்தையடித் தேத்தண்ணிக் கடையில், முன்பு என்னோடு கட்டட வேலை செய்து இப்போது தண்ணீர்ப் பவுசர் ஓட்டுகிற கூட்டாளி நின்றார்.

“நாளைக்கு ஒரு கோயில் திருவிழாவுக்கு ரோட்டு நனைக்கவேணும். குழாய் பிடிக்க ஆளில்லை. வாறியோ?” என்றவர் உடனேயே, “ஐயோ, உனக்குச் செத்த வீட்டுத் துடக்கெல்லோ?” என்றார்.

“நான் கோயிலுக்குள்ளை போகேல்லையே. ரோட்டிலைதானே நிக்கப்போறன். வாறன்.”

அடுத்த நாள் காலை வெயில் ஏறியதும் பவுசரின் பின்னால் குழாயைப் பிடித்துக்கொண்டு இறங்கினேன். தார் ரோட்டில் சனம் துள்ளித் துள்ளி நிழலுக்கு ஓடியது. அதற்குள் ஓர் அம்மா மட்டும் அருச்சனைத் தட்டோடு துள்ளாமல் ஆறுதலாக நின்றார். நான் குழாயை அவருடைய காலடிக்குத் திருப்பினேன்.

“டேய், சீலை நனையுது! கண் தெரியாதோ?”

“கால் சுடேல்லையோ அம்மா?”

“எனக்கொண்டும் சுடேல்லை. துள்ளுற சனத்துக்கு அடி, போ அங்காலை.”

“அப்ப உங்களுக்குத்தான் அம்மா அடிக்கவேணும்” என்று சொல்லிவிட்டு, குழாயை அங்கேயே பிடித்துக்கொண்டு நின்றேன்.