ஒன்பதரையா, பத்தரையா?

எங்கள் குடும்பத்தில் அமெரிக்க நேரத்துக்கு நான்தான் அத்தாரிட்டி. ஓசூரில் கார் பாகம் செய்யும் கம்பெனியில் வேலை. டெட்ராய்ட் பக்கத்தில் ஒரு சிற்றூரில் இருக்கும் கஸ்டமரோடு வாரம் இரண்டு மீட்டிங். அங்கே நான் பேசுவது 'குட் ஈவினிங்', 'ஓகே', 'நோட்டட்', இவ்வளவுதான். அது வீட்டுக்குத் தெரியாது.

அக்கா மகளுக்கு அதே ஊர்ப் பக்கம் வேலை பார்க்கும் மாப்பிள்ளை அமைந்ததும், இரண்டு ஊருக்கும் நேரம் பொருத்துகிற பொறுப்பு என் தலையில் வந்து உட்கார்ந்தது. உட்கார வசதியாக நானும் கொஞ்சம் குனிந்து கொடுத்தேன்.

பெண்ணுக்கு ஒரே நிபந்தனை. "அவரு எத்தன வருசம் அங்கயே இருக்கப் போறாருன்னு அவரு வாயால கேக்கணும் மாமா. கேக்காம மணையில உக்கார மாட்டேன்."

அதெல்லாம் கல்யாணத்துக்கு அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று பெரியவர்கள் ஒதுக்கிவிட்டார்கள். நான் பேச வைக்கிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். அவளுக்கும் ஓசூரில்தான் வேலை. வாராவாரம் ஷிப்ட் மாறும், போனை கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். அவள் வெளியே வரும்போது அவன் தூங்குவான். அவன் எழும்போது அவள் கம்பெனி பஸ்ஸில் தூங்குவாள். ஒருமுறை இருவரும் விழித்திருக்கும் நேரத்தைக் கண்டுபிடித்தே விட்டேன். கிழமையைத்தான் மாற்றிச் சொல்லிவிட்டேன்.

பேசாமலே நிச்சயதார்த்தம் வந்துவிட்டது. பேரிகையில் அக்கா வீட்டில், ஞாயிறு காலை ஒன்பதரைக்குத் தட்டு மாற்றுவது. லீவு கிடைக்காத மாப்பிள்ளை வீடியோவில் வருவான்.

அந்த ஊருக்கும் நமக்கும் ஒன்பதரை மணி நேர வித்தியாசம். குளிர்காலம் வந்தால் அவர்கள் கடிகாரத்தை ஒரு மணி பின்னால் தள்ளிவைப்பார்கள். வித்தியாசம் பத்தரை ஆகிவிடும். இது தெரியாமல் முந்தின வருடம் ஆளில்லாத மீட்டிங் அறையில் ஏசிக்கு குட் ஈவினிங் சொன்னவன் நான். இந்த முறை விடுவேனா? அந்த ஞாயிறுதான் கடிகாரம் மாறும் நாள் என்று பிடித்து, பத்தரையைக் கழித்து, மாப்பிள்ளையை சனிக்கிழமை இரவு பதினொரு மணிக்கு உட்காரச் சொன்னேன். இந்தக் கணக்கை வீட்டில் எல்லோருக்கும் விளக்கினேன். கேட்காதவர்களுக்கும்.

ஒன்றை மட்டும் மறந்துவிட்டேன். நமக்கு ஞாயிறு விடிந்துவிட்டாலும் அங்கே இன்னும் சனிக்கிழமைதான். கடிகாரத்தை யாரும் தொடவே இல்லை, வித்தியாசம் பழைய ஒன்பதரையேதான்.

எட்டரை மணிக்கு நான் பனியனோடு நின்று கேசரி பதமாக வந்திருக்கிறதா என்று மூன்றாம் முறை பரிசோதித்துக்கொண்டிருந்தபோது லேப்டாப் அடித்தது. எடுத்தால், கோட்டும் விபூதியுமாக மாப்பிள்ளை. எதிரே நான், வாய் நிறையக் கேசரியோடு.

அக்காவுக்குக் கோபம் வந்தால் தெலுங்கு வந்துவிடும். அன்று வந்ததில் பாதியை எழுத முடியாது. மீதிப் பாதி என் படிப்பைப் பற்றியது. நாகரசம்பட்டியிலிருந்து சம்பந்தி வீட்டார் வந்த வேன் இன்னும் சூளகிரியையே தாண்டவில்லை.

லைனை கட் பண்ணப் போனேன். அதற்குள், தலையில் ஈரத்துண்டோடு வந்த பெண் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போய்விட்டாள்.

படிக்கட்டில் நின்று காதைத் தீட்டிக்கொண்டேன். குளிர்காலத்தில் அங்கே சாயங்காலமே இருட்டிவிடும், அதற்குமேல் தெருவில் ஒரு ஆள் இருக்காது என்று அவன் சொல்லிக்கொண்டிருந்தான். தன் கம்பெனி வாசலில் எந்த ஷிப்ட் விட்டாலும் டீக்கடையில் நிற்க இடம் கிடைக்காது என்றாள் இவள். இருவரும் சிரித்தார்கள். அப்புறம் கேட்க வேண்டியதைக் கேட்டாள்.

"ரெண்டு வருசம். அதுக்கு மேல என்னாலயும் முடியாதுங்க."

அதற்குள் என் மனைவி வந்து சட்டையைக் கையில் திணித்து இழுத்துப் போனாள்.

ஒன்பதரைக்குப் பெண் மணையில் உட்கார்ந்தாள், தலை சரியாகக் காயாமலே. திரையில் மாப்பிள்ளை கொட்டாவியை மறைக்கப் படாதபாடு பட்டான். சம்பந்தி என் தோளைத் தட்டி, கரெக்டா டைம் பாத்து வச்சிருக்கீங்க என்றார். எல்லாம் அனுபவம்ங்க என்றேன். மனைவி பார்த்த பார்வைக்கு எந்த ஊர் நேரமும் ஒன்றுதான்.

கல்யாணத்துக்கு வந்த மாப்பிள்ளையிடம் தனியாக மன்னிப்புக் கேட்டேன்.

"டைம் தப்புன்னு நீங்க சொன்னப்பவே தெரியும் மாமா. பேச ஒரு மணி நேரம் கெடைக்குதேன்னு கம்முனு இருந்துட்டேன்."

அதை வேறு யாரிடமும் சொல்லிவிடாதே என்று கேட்டுக்கொண்டேன். அவர்கள் பேசட்டும் என்று வேண்டுமென்றேதான் அப்படி நேரம் வைத்ததாக, அதற்குள் சொந்தக்காரர்கள் அத்தனை பேரிடமும் சொல்லியிருந்தேன்.